விமானக் கப்பலில் ஒரு பேணி உப்பு

அந்தக் கப்பலில் நான் இருந்தது நாற்பத்தொரு நாள். ஏறக்குறைய எல்லா நாளும் என் தலைக்கு மேலே விமானங்கள் கிளம்பின, இறங்கின. நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு காலைப் பொழுதில்தான். மற்ற நாட்களில் எனக்குக் கிடைத்தது சத்தம் மட்டும். முதலில் கூரை முனகும். பிறகு பல்லுக்குள் ஒரு கூச்சம் வரும். மேசையில் இருக்கிற தேநீர்க் கோப்பை தானாக நகரத் தொடங்கும். அது விளிம்புக்கு வருமுன் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்த கையை எடுக்கும்போது விமானம் போயிருக்கும்.

ஊருக்கு வந்த பிறகு கல்முனைச் சந்தையில் ஆட்கள் என்னை நிறுத்தி, விமானந்தாங்கிக் கப்பலில் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார்கள். உடுப்புக் கழுவினேன் என்றேன். சிலர் நம்பவில்லை. சிலருக்கு அது போதாமல் இருந்தது. உண்மை அதுதான். ஆயிரம் பேர் இருக்கிற கப்பலில் ஒருநாள் உடுப்புக் கழுவாவிட்டால் என்ன ஆகும் என்று கழுவுகிறவனுக்குத்தான் தெரியும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன். மருதமுனையில், என் சொந்த ஊரில், இரண்டு வருடம் நூலுக்குச் சாயம் போடும் தொட்டியில் நின்றேன். ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாத கால் எனக்கு. தொண்ணூறுகளின் கடைசியில் அது என்னை வளைகுடாவுக்குக் கொண்டுபோய், ஒரு துணி வெளுக்கும் கடையில் விட்டிருந்தது. அங்கேதான் ஹனீபாவின் செய்தி வந்தது.

ஹனீபா எனக்கு மச்சான் முறை. சாய்ந்தமருதுக்காரன். நான்கு வருடமாக வெள்ளைக்காரரின் கடற்படைக் கப்பல் ஒன்றில் லாண்டரியில் இருந்தான். அந்தக் கடற்படையில் ஒரு பழைய வழக்கம். கப்பலை ஓட்டுவதும் சுடுவதும் அவர்கள். உடுப்புக் கழுவுவதற்கு மட்டும் வெளியிலிருந்து ஆசியாக்காரரைக் குத்தகைக்கு எடுப்பார்கள். ஹனீபாவின் கப்பலில் லாண்டரித் தலைவர் வோங் என்ற சீனர். அவருடைய ஆட்களில் ஒருவருக்குக் குடல்வால் அறுவை செய்து கரையில் இறக்கிவிட்டார்கள். வேலைக்கு ஒரு கை குறைந்தது. ஹனீபா என் பெயரைச் சொன்னான். எனக்குச் சாயம் தெரியும், துணி தெரியும் என்று சொல்லி எனக்காகப் பொறுப்பு நின்றதும் அவன்தான்.

கப்பல் பெரிது என்பதால் துறைமுகத்துக்குள் வராமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. சிறு படகில் கொண்டுபோனார்கள். பக்கத்தில் போகப் போக அது கப்பலாகத் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சுவர், அவ்வளவுதான். அதன் மேல்தளம் முன்பக்கத்தில் மேல்நோக்கி வளைந்திருந்தது, படுக்க வைத்த சுளகின் விளிம்பு மாதிரி. பக்கவாட்டில் தொங்கிய ஏணியில் நான் கால் வைத்தபோது படகு தாழ்ந்தது. கையில் இருந்த பை கடலுக்குள் போயிற்று. இடுப்பில் உடுத்துகிற சாரன் இரண்டு, ஒரு சோடிச் செருப்பு, பல்தீட்டும் பிரசு. என்னிடம் மிஞ்சியது உடுத்திருந்த உடுப்பும், சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் தொப்பியும்.

மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஹனீபா சலாம் சொல்லுமுன் இதைத்தான் சொன்னான்: “உடுப்புக் கழுவ வந்தவன் உடுப்பக் கடல்ல போட்டுட்டு வாறான்.”

முதல் மூன்று நாள் நான் வழி தவறிக்கொண்டே இருந்தேன். கப்பலுக்குள் தெரு இல்லை, சந்தி இல்லை. எல்லாக் கதவும் ஒரே மாதிரி. சுவரில் எண்களும் எழுத்துக்களும் எழுதியிருக்கும். அதை வாசிக்கப் பழகினால் தொலையமாட்டாய் என்றார்கள். நான் எண்ணைப் பார்க்கவில்லை. மணத்தைப் பார்த்தேன். எண்ணெய் மணம் வந்தால் தவறான பக்கம், பொரித்த பன்றி மணம் வந்தால் சமையற்கட்டு, சவர்க்கார மணம் வந்தால் வீடு.

லாண்டரி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. சன்னல் இல்லை. கம்பிக்கூட்டுக்குள் மஞ்சள் வெளிச்சம் தருகிற குண்டு விளக்குகள். சூடு, சம்மாந்துறை ஆலையில் நெல் அவிக்கிற இடத்துக்குச் சமம். நாங்கள் ஐந்து பேர். வோங், அவருடைய ஆட்கள் இருவர், ஹனீபா, நான். ஒரு மின் சட்டியில் அரிசி எப்போதும் வெந்துகொண்டிருக்கும். கப்பல் சாப்பாட்டில் எனக்கு ஆகுமானது முட்டையும் ரொட்டியும் இனிப்புச் சாற்றில் ஊறிய பீன்சும்தான். வெள்ளிக்கிழமை மட்டும் எல்லோருக்கும் பொரித்த மீன். அது அவர்களின் பழைய வழக்கமாம். ஜும்ஆ நாளில் இவர்களும் ஏதோ ஒரு மரியாதை செய்கிறார்கள் என்று ஹனீபா சொல்லுவான். அவனிடம் ஊரிலிருந்து வந்த மாசிச் சம்பல், காய்ந்த மீனும் மிளகாயும் இடித்தது, ஒரு போத்தல் இருந்தது. அதை அளவாகத்தான் தருவான். வோங் ஒருமுறை விரலால் தொட்டுத் தின்றுவிட்டு, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை தொட்டார்.

ஹனீபா, வோங் கரையேறும் நாளை எதிர்பார்த்திருந்தான். வோங்குக்கு இருபத்தைந்து வருடக் கடல் போதும் என்றாகிவிட்டது. இரண்டு மாதத்தில் போகிறார். அடுத்த தலைவர் ஹனீபா என்று கப்பலின் பெரியவர்களிடம் அவரே சொல்லி வைத்திருந்தார். சீனர் அல்லாத ஒருவன் அந்தக் கப்பலில் லாண்டரிக்குத் தலைவனாவது அதுதான் முதல் தடவை. ஹனீபா அதை ஊருக்கு எழுதிவிட்டான். சாய்ந்தமருதுக் கடற்கரையில் அது கரைவலைக் கயிற்றைவிட நீளமாகப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தொழுகைதான் எங்களுக்குச் சிரமம். கப்பலின் பின்பக்கத்தில், மேல்தளத்துக்குக் கீழே, கடலைப் பார்த்தபடி ஒரு திறந்த இடம் இருந்தது. காற்று வாங்க எங்களை அங்கே விடுவார்கள். சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டு மக்கா இருக்கும் கிப்லாத் திசைக்குத் திரும்பி நிற்போம். இரண்டாம் ரக்அத்தில் கப்பல் சாயும். விமானம் கிளம்ப எதிர்க்காற்று வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் கப்பலையே காற்றின் முகத்துக்குத் திருப்புவார்கள். நாங்கள் தொழுது முடித்துச் சலாம் கொடுக்கும்போது மக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்போம். தெரியாமல் நடந்தால் குற்றமில்லை என்று ஹனீபா சொன்னான். ஒவ்வொரு நாளும் தெரியாமல் நடக்கிறதா என்று நான் கேட்டேன்.

மேல்தளத்து ஆட்களின் சட்டைகளைப் பற்றி முதல் வாரத்திலேயே வோங் எனக்கு விரிவாகச் சொன்னார். அங்கே வேலை செய்கிறவர்கள் நிறச்சட்டை போடுவார்கள். மஞ்சள் போட்டவன் விமானத்துக்குக் கையால் வழி காட்டுகிறவன். நீலம், சக்கரக்கட்டை வைப்பவன், சங்கிலி கட்டி அவிழ்ப்பவன். சிவப்பு, தீயணைப்பும் குண்டும். பச்சை, இயந்திரம். வெள்ளை, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற பாதுகாப்பு ஆட்கள். மேலே இருக்கிற சத்தத்தில் பேச்சுக் கேட்காது. தலைக்கவசமும் கண்ணாடியும் போட்டபிறகு முகமும் தெரியாது. விமானி ஆளைப் பார்ப்பதில்லை, நிறத்தைத்தான் பார்க்கிறான். மஞ்சள் கை வா என்றால் வருவான், நில் என்றால் நிற்பான்.

ஹனீபா அதைக் கேட்டுச் சிரித்தான். தன் வாப்பாவின் தொழிலும் இதுதான் என்றான். அவர் கரைவலைத் தண்டயல், கரையில் நின்று வலை இழுக்கிறவர்களுக்குத் தலைவர். தோணி வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போனபின், அவர் கரையில் மணல்மேட்டில் நின்று மீன் கூட்டத்தைப் பார்த்து வெள்ளைத் துணியை வீசுவார். அலைச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. துணி வலப்பக்கம் போனால் தோணி வலப்பக்கம், இடப்பக்கம் போனால் இடப்பக்கம். ஒருநாள் சாரன் வியாபாரி ஒருவன் சைக்கிளில் வந்து, கடற்கரையில் ஒரு வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக வெள்ளைச் சாரன் ஒன்றை உதறி விரித்தான். தோணி திரும்பிற்று. கல்லில் வலை மாட்டிக் கிழிந்தது. அலை பக்கவாட்டில் அடித்துத் தோணி கவிழ்ந்து, ஒருவனுக்கு விலா எலும்பு முறிந்தது.

“சாரன் யாவாரி எந்த ஊர் தெரியுமா மச்சான்?” என்று ஹனீபா கேட்டான். “உங்கட மருதமுனைதான்.”

அடுத்த இரண்டு வாரமும் துணி உதறும்போதெல்லாம் இதைச் சொல்லிக் காட்டினான்.

இருபத்தொன்பதாம் நாள் என்று நினைக்கிறேன். கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் ஒன்று பழுதாகிவிட்டது. லாண்டரிக்கு வழக்கமான தண்ணீரில் பாதிதான் தருவோம் என்றார்கள். வோங் எல்லோரையும் கூப்பிட்டு, அலசின தண்ணீரைக் கொட்ட வேண்டாம், பெரிய தொட்டியில் சேர்த்து அடுத்த சுற்றுக்குப் பாவியுங்கள் என்றார். முதலில் வெள்ளை, பிறகு நிறம். இதை இரண்டு முறை சொன்னார். சொல்லிவிட்டு மேலே களஞ்சியத்துக்குப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் களஞ்சியத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. பன்னிரண்டு புது மஞ்சள் சட்டைகள். பழையவை வெயிலிலும் உப்பிலும் வெளிறிப் போயிருந்தன. காலையில் புதியவை வேண்டும், விறைப்பு எடுத்துக் கொடுங்கள், உடனே என்று கொண்டுவந்தவன் சொன்னான். ஹனீபா மறுபக்கத்தில் அதிகாரிகளின் உடுப்புகளை அயன் பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தான். இயந்திரத்தில் நின்றவன் நான்.

புதுச் சாயத் துணி முதல் தண்ணீரில் நிறம் விடும் என்று எனக்குத் தெரியும். அதற்கு மருந்தும் தெரியும் என்று நினைத்தேன். மருதமுனையில் சாயத் தொட்டியில் உப்புப் போடுவோம். உப்புப் போட்டால் சாயம் நூலில் நிற்கும். சமையற்கட்டில் போய், மீன் அடைத்து வந்த தகரப் பேணி ஒன்று நிறைய உப்பு வாங்கிவந்து மஞ்சள் சட்டைகளோடு கொட்டினேன். அலசின தண்ணீரைத் தொட்டியில் பிடித்தேன். குனிந்து பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. சாயம் நின்றுவிட்டது, உப்பு வேலை செய்துவிட்டது என்று எனக்கு ஒரு பெருமையும் வந்தது. அந்தத் தண்ணீரிலேயே வெள்ளைச் சட்டைகளைப் போட்டேன். பதினொன்று. என் தொப்பியும் அழுக்காக இருந்ததால் அதையும் அவற்றோடு போட்டேன்.

உலர்ந்து வந்ததை ஹனீபா மடித்தான். அன்றிரவே அவனே மேலே கொண்டுபோய்க் கொடுத்தான்.

மறுநாள் சுபஹு தொழுது முடித்தபோது வெளிச்சம் இன்னும் வரவில்லை. ஹனீபா கீழே போய்விட்டான். நான் அந்தத் திறந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடல் சாம்பலாகி, பிறகு நீலமாகியது. சூரியன் ஒரு விரலளவு எழும்பியதும் தலையில் வியர்த்தது. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைக்கப் போனேன்.

தொப்பி மஞ்சளாக இருந்தது.

அடர்த்தியான மஞ்சள் இல்லை. வெயிலில் வெளிறின பழைய மஞ்சள் சட்டை எந்த நிறமோ அந்த நிறம். அந்த நேரத்தில்தான் உப்பைப் பற்றி எனக்குப் புரிந்தது. உப்பு சாயத்தைப் பூட்டுவதில்லை. தண்ணீரில் இருக்கிற சாயத்தை, எந்தத் துணி கிடைக்கிறதோ அதற்குள் துரத்துகிறது. அதற்காகத்தான் தொட்டியில் போடுகிறோம். இரண்டு வருடம் கைமுட்டி வரை சாயத்தில் நின்றவன் அதைக் கேட்காமலே இருந்துவிட்டேன்.

கீழே ஓடினேன். ஹனீபா அரிசிச் சட்டியைத் திறந்துகொண்டிருந்தான். தொப்பியை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்து, வெள்ளைதானே என்றான். அவனைப் படிக்கட்டு வரை இழுத்துக்கொண்டு போய், மேலேயிருந்து விழுகிற பகல் வெளிச்சத்தில் காட்டினேன்.

“எந்தத் தண்ணியில போட்ட?”

சொன்னேன்.

“உப்பும் போட்டியா?”

“ஒரு பேணி.”

அவன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். “இது என்ன உங்கட ஊர்த் தொட்டியா மச்சான்? ஒனக்கு மூளை எண்டு ஒண்டு இரிக்கா?”

மேல்தளத்துக்குப் போகிறவர்கள் விடியுமுன், சிவப்பு விளக்கு எரிகிற அறையில்தான் உடுப்பு மாற்றுவார்கள். இருட்டுக்குக் கண் பழகியிருக்க வேண்டும் என்பதற்காக அந்த விளக்கு. சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளையும் வெளிறின மஞ்சளும் ஒன்றுதான். ஆகவே அங்கே யாரும் கண்டிருக்க முடியாது. பன்னிரண்டு புது மஞ்சள் தவிர, வழிகாட்டுகிற மற்றவர்கள் இன்னும் பழைய மஞ்சளில்தான் இருந்தார்கள். மேலே இப்போது பதினொரு பேர் வழிகாட்டிகளைப் போலவே நின்றுகொண்டிருந்தார்கள், தங்களுக்கே தெரியாமல்.

ஹனீபா குரலைத் தாழ்த்தினான். பகல் சாப்பாட்டுக்கு இறங்குவார்கள், அப்போது கறை என்று சொல்லி வாங்கிக்கொண்டு வேறு கொடுத்துவிடலாம், ஒருவருக்கும் தெரியவராது என்றான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் இதையும் சொன்னான்: “லாண்டரி எனக்குத்தான் எண்டு வாப்பாக்கு எழுதிப்போட்டன்.”

எனக்கு இழக்க ஒன்றும் இருக்கவில்லை. இந்தக் கப்பல் இல்லாவிட்டால் இன்னொரு இடம். அவனுக்கு நான்கு வருட உழைப்பு இருந்தது. அதனால் நான் போய்ச் சொல்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நேரத்தில் தரை சாயத் தொடங்கியது. கப்பல் காற்றுக்குத் திரும்பியது.

நான் ஒன்றுதான் சொன்னேன். “உன்ட வாப்பா மணல்மேட்டில நிக்கக்குள்ள, பதினொரு பேர் கரையில துணியோட நிண்டா?”

ஹனீபா எழும்பினான். தொப்பியைப் பறித்துக்கொண்டு எனக்கு முன்னே படியேறினான்.

மேல்தளத்துக்குப் போகிற கடைசிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு அறை. மேல்தள ஆட்களுக்குப் பொறுப்பானவர்களில் ஒருவர் அங்கே தேநீருடன் நின்றார். சிவப்பு மீசைக்காரர். லாண்டரி ஆட்கள் அவ்விடத்துக்கு வரக்கூடாது. அவர் கத்தத் தொடங்குமுன் ஹனீபா தொப்பியை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, இது நேற்று வெள்ளை, உங்கள் வெள்ளைச் சட்டைகளோடு கழுவியது என்றான். மூன்று வசனம் பேசினான். அவனுடைய ஆங்கிலம் அவ்வளவு சுத்தமாக நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

மீசைக்காரர் தொப்பியைப் பார்த்தார். கதவிலிருந்த தடித்த கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். தேநீரை எங்கே வைக்கிறோம் என்று பாராமல் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

மேலே இரைந்துகொண்டிருந்த சத்தம் குறைந்தது. அப்படி இயந்திரச் சத்தம் பாதியில் தாழ்வதை நான் அந்தக் கப்பலில் கேட்டது அந்த ஒரு முறைதான். பிறகு கதவு திறந்து வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பகல் வெளிச்சத்தில் தங்கள் நெஞ்சைத் தாங்களே குனிந்து பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். மீசைக்காரர் அவனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். ஹனீபா விரல் மடித்து எண்ணினான். பத்து. கதவு மூடியது. நாங்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஹனீபாவின் உதடு ஓதிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பதினோராமவன் வந்தான். தளத்தின் முன்பக்கத்தில், முதல் விமானத்துக்கு அருகில் நின்றவன் அவன்.

அந்த முதல் விமானத்தின் விமானி, பதினோராமவனின் கை அசைவைப் பார்த்து இயந்திரத்தின் விசையைக் கூட்டினான் என்று அன்று மாலை ஒருவன் சொன்னான். நீலச் சட்டைக்காரர்கள் சங்கிலியை இன்னும் அவிழ்க்காமல் இருந்ததால் விமானம் நகரவில்லையாம். இன்னொருவன் அதெல்லாம் பொய், விமானிகள் அவ்வளவு மடையர்கள் இல்லை, ஒன்றும் நடந்திருக்காது என்றான். எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விசாரணை நடந்தது. கதிரையில் அதிகாரிகள் மூவர். எங்களை நிற்க வைத்தார்கள். தண்ணீர் மிச்சம் பிடிக்கச் சொன்னது யார் என்று கேட்டார்கள். நான்தான், முதலில் வெள்ளை என்றும் சொன்னேன் என்றார் வோங். அவர் சொன்னது சரி. உப்புப் போட்டது யார் என்றார்கள். நான் கை தூக்கினேன். எதற்கு உப்பு என்றார்கள். எங்கள் ஊரில் போடுவோம் என்றேன். ஹனீபா அதை மொழிபெயர்த்தபோது மூவரில் ஒருவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார்.

அந்த நேரத்தில் இயந்திரங்களுக்குப் பொறுப்பு யார் என்று கடைசியாகக் கேட்டார்கள். அதற்கு யாரும் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த முறைத்தாளில் வோங்குக்கு அடுத்த பெயர் இருந்தது. ஆனாலும் ஹனீபா ஓர் அடி முன்னே வைத்துத் தன் பெயரைச் சொன்னான்.

தீர்ப்பு மறுநாள் வந்தது. அடுத்த துறைமுகத்தில் நான் இறங்க வேண்டும். ஹனீபா இருக்கலாம், தலைமை இல்லை. வோங் இன்னும் ஒரு வருடம் இருக்க வேண்டும். லாண்டரியில் வோங்தான் அதிகம் ஏசினார், சீனத்தில், இரண்டு நாள். ஹனீபா ஏசவில்லை. கதைக்கவும் இல்லை. சம்பல் போத்தலை மட்டும் முன்போலவே சாப்பாட்டில் என் பக்கம் தள்ளி வைப்பான்.

இறங்குவதற்கு இரண்டு நாள் முன் சிவப்பு மீசைக்காரர் லாண்டரிக்கு வந்தார். விமானம் கிளம்புவதைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். ஹனீபாவையும் கேட்டார். நான்கு வருடமாக அவனும் பார்த்ததில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் இருவருக்கும் காதடைப்பான், கண்ணாடி, தலைக்கவசம் தந்தார். பார்வையாளர்களும் வெள்ளைச் சட்டைதான் போட வேண்டுமாம். தந்த சட்டையை ஹனீபா பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகே போட்டான்.

மேல்தளத்தில் ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டக் கூடாது, கையை மேலே தூக்கக் கூடாது, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள் என்றார் மீசைக்காரர். கட்டிக்கொண்டோம். மருதமுனைப் பள்ளிக்கூடத்தில் பிந்தி வந்தவர்களை நிற்க வைக்கிற மாதிரி நின்றோம்.

விமானம் நான் நினைத்ததைவிடச் சிறிது. ஒரு லொறி நீளம்தான். மஞ்சள் சட்டைக்காரன் இரண்டு கைகளையும் காதுக்கு மேலே மடக்கி மடக்கி அதை இழுத்தான், கயிறு இல்லாமல் மாட்டை இழுக்கிற மாதிரி. அது அவன் பின்னால் வந்தது. கையைக் குறுக்காக வைத்தான், நின்றது. நீலச் சட்டைகள் குனிந்து ஓடிவந்து சங்கிலிகளை எடுத்து, எடுத்த சங்கிலிகளை விமானிக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டின. வெள்ளைச் சட்டை ஒன்று விமானத்தைச் சுற்றி வந்து பெருவிரலைக் காட்டியது. அவ்வளவு பேரில் ஒருவர் வாயும் அசையவில்லை. ஊரில் ஒரு டிரக்டரைப் பின்னுக்கு எடுப்பதற்குள் எத்தனை பேர் எத்தனை விதமாகக் கத்துவோம் என்று நினைத்தேன்.

பக்கத்தில் ஒருவன் பச்சைக் கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். கொடி மேலே இருக்கும்வரை சத்தம் ஏறிக்கொண்டே போனது. அது காதால் கேட்கிற சத்தம் இல்லை. நெஞ்செலும்புக்குள் யாரோ கையை விட்டு உலுக்குகிற மாதிரி. என் கண்ணாடிக்குள் தளம் இரண்டாகத் தெரிந்தது. கொடி சட்டென்று கீழே வந்தது. விமானம் ஓடியது. நான்கு எண்ணுவதற்குள் அந்த வளைந்த முனையில் ஏறி, வானத்தில் எறிபட்டது. எறிபட்டதும் ஒரு கணம் கீழே தாழ்ந்தது. பிறகு அது பிடித்துக்கொண்டு மேலே போனது. சூடான மண்ணெண்ணெய்க் காற்று முகத்தில் அடித்தது.

நான்கு விமானங்கள். நான்கு முறையும் ஹனீபா கொடியைத்தான் பார்த்தான் என்று நினைக்கிறேன். கீழே இறங்கும்போது பத்து நாளுக்குப் பிறகு முதன்முதலாக என்னோடு கதைத்தான்.

“வாப்பாட்ட நீயே போய்ச் சொல்லு,” என்றான். “நான் எழுதமாட்டன்.”

ஊருக்கு வந்து நான்கு நாள் அந்த வேலையைத் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் காலை கல்முனையில் பஸ் ஏறி, சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து மறுபடி ஏறி, சாய்ந்தமருதில் இறங்கினேன். அது யுத்த காலம்; சூரியன் உதித்த பிறகுதான் படையினர் கடலுக்கு விடுவார்கள். அதனால் வெயில் ஏறின நேரத்திலும் வலை வெளியே இருந்தது. ஹனீபாவின் வாப்பா மணல்மேட்டில் நின்றார். சாரனை மடித்துக் கட்டிய ஒல்லியான மனிதர். கையில் வெள்ளைத் துணி. கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே சலாத்துக்குப் பதில் சொன்னார்.

அவருக்குப் பின்னால் ஓர் எட்டுத் தள்ளி நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், உப்பு, தொப்பி, பதினொரு பேர். ஹனீபா முன்னே ஓர் அடி வைத்ததையும் சொன்னேன். இனித் தலைமை வராது, அதற்குக் காரணம் நான் என்றேன். இடையில் அவர் துணியை மூன்று முறை வீசினார். தூரத்தில் தோணி அவர் சொன்ன பக்கம் வளைந்தது.

“ஆரும் மௌத்தா?” என்று கேட்டார்.

“இல்ல மாமா, ஒருத்தரும் சாகல்ல.”

“ஆர் போய்ச் சொன்ன?”

“ஹனீபாதான்.”

மகன் தலைவனாகப் போகிறான் என்று கடற்கரை முழுவதும் சொல்லி வைத்திருந்தவர் அவர். கீழே கயிறு இழுக்க நின்ற பதினைந்து இருபது பேரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இன்று மாலைக்குள் அவர் இதையும் சொல்ல வேண்டும். தோணி கரைக்குத் திரும்பியது. அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முதன்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் தலையையும் பார்த்தார். அந்த மஞ்சள் தொப்பியைத்தான் நான் போட்டிருந்தேன், வேறு இருக்கவில்லை.

“மருதமுனையானுக்கும் துணிக்கும் என்ன பகை எண்டு எனக்கு விளங்கல்ல,” என்றார். “போ, அந்தக் கயித்தப் புடி. வலை கரைக்கு வாற மட்டும் கைய மேல தூக்கிப் போடாத.”

நான் இறங்கிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். உப்பில் ஊறிய கயிறு, கையை அறுத்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தபோதும் நான் கையை எடுக்கவில்லை.